நின்றுவிட்டன இரண்டு விரல்களும்: வாஷிங்டன் சர்ச்சில் சிலை, 1:12 அளவில்

வாஷிங்டனின் மாசசூசெட்ஸ் அவென்யூவில், பிரிட்டிஷ் தூதரகத்துக்கு முன்னால் நிற்கும் வின்ஸ்டன் சர்ச்சில் சிலையைச் சிற்றுருவமாக வனையும் வேலையில், என்னை மேலே நகரவிடாமல் நெடுநாள் இழுத்தடித்த வலக்கை ஒருவழியாக முடிந்துவிட்டது. வெற்றியைக் குறிக்க ‘வி’ வடிவில் விரிந்த இரண்டு விரல்களும் உப்புத்தாள் தேய்ப்பைத் தாங்கி அசையாமல் நிற்கின்றன. உடல், கோட்டு, முகம் ஆகியவற்றைப் பற்றி விரித்து எழுதப் போவதில்லை. எம்சீல் என்ற எபாக்சிப் பசைமாவில் உருவம் செய்து பழகியவர்களுக்கு அவை புதியவை அல்ல.

மூலச் சிலை ஏறக்குறைய 9 அடி உயரமுள்ள வெண்கல வார்ப்பு. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு வசதியாக இருப்பதால் 1:12 அளவைத் தேர்ந்தெடுத்தேன். முழு உருவம் 9 அங்குலம் என்றால் தாராளமான அளவுதான். ஆனால் அதே கணக்கில் விரல்களுக்குக் கிடைப்பது சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமும் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனும் மட்டுமே. ஓஹாயோ மாநிலத்துச் சிற்பி வில்லியம் மெக்வே அப்படியொரு கையைத் துணிந்து உயர்த்தி வைத்தது வெண்கலத்தின் வலுவை நம்பித்தான். பளிங்கில் செதுக்கியிருந்தால் அந்தக் கைக்கு எங்காவது முட்டுக் கொடுத்திருக்க வேண்டும், விரல்களும் வெகுநாள் நிலைத்திரா. எபாக்சியில் வனைகிற நமக்குப் பளிங்கின் பலவீனம் உண்டு, வெண்கலத்தின் வலு கிடையாது.

தோளிலிருந்து விரல்நுனி வரை ஒரே அலுமினியக் கம்பியை ஓட்டிவிட வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. பெரிய உருவங்களுக்கு அது பொருந்தலாம். இந்த அளவுக்குச் சற்றும் பொருந்தாது என்பது என் முடிவு. விரலுக்குள் அடங்குகிற அளவு மெல்லிய அலுமினியம் கருவி பட்டதுமே வளைகிறது; வளைந்ததை நிமிர்த்தினால், பாதி இறுகிய எபாக்சி விரலின் அடியில், உள்ளங்கையோடு சேரும் இடத்தில், மயிரிழைபோல விரிசல் விடுகிறது. அந்த விரிசலைப் பூசி மறைக்கலாம், ஆனால் தேய்க்கும்போது விரல் அங்கேயே முறிந்து கையோடு வந்துவிடும்.

ஆகவே வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். மணிக்கட்டு வரை மட்டும் அலுமினியம் போதும். உள்ளங்கையையும், மடங்கிய மோதிர விரல், சுண்டு விரல், அவற்றின்மேல் படியும் கட்டைவிரல் ஆகியவற்றையும் முதலில் வனைந்து முழுவதுமாக இறுகவிட்டேன். மறுநாள் கையால் சுழற்றும் சிறு துளைப்பானைக் கொண்டு உள்ளங்கையின் மேல்விளிம்பில் இரண்டு துளைகளைச் சற்றே விலகிய கோணத்தில் இட்டு, அரத்தால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய மெல்லிய பித்தளைக் கம்பிகளை உடனொட்டிப் பசையால் அவற்றில் பதித்தேன். அதன்மேல் ஒரே தடவையில் விரல் வடிவம் கொண்டுவர முயலாமல், கம்பி மறையும் அளவுக்கு ஒரு மெல்லிய பூச்சு, அது இறுகியபின் சதைக்காக இன்னொரு பூச்சு, கடைசியாக விரல் மூட்டுகளுக்காக ஒரு துளி என்று ஏற்றினேன். அடியில் உறுதியான கம்பி இருப்பதால் கருவியை அழுத்திப் பிடிக்கவும் தயக்கமில்லை.

உள்ளங்கை பார்ப்பவரை நோக்கியே இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன். புறங்கை தெரியும்படி அதே இரண்டு விரல்களைக் காட்டுவது பிரிட்டனில் வசவுக்குச் சமம். எனவே கம்பியைப் பதிக்கும் முன்பே மணிக்கட்டின் திருப்பத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மூட்டுகளைச் செதுக்க, பல் மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் வாங்கிய மெழுகுக் கரண்டியைவிடச் சிறந்தது எதையும் நான் கண்டதில்லை. இணையத்தில் ‘சிற்பிகளுக்கான தொகுப்பு’ என்ற பெயரில் ஒரு விற்பனையாளர் அனுப்பிய கருவிகளில் பாதிக்கு மேல் முனை மழுங்கியே வந்தன. மாற்றிக் கேட்டதற்குப் பதிலும் இல்லை. பித்தளைக் கம்பியை நகைப் பட்டறைகளுக்குச் சரக்குப் போடும் கடைகளில் கேட்டால் தேவையான தடிமனில் வெட்டியே தருகிறார்கள்.

இடக்கையில் ஊன்றுகோலும் சுருட்டும் சேர்ந்து வருகின்றன. ஊன்றுகோலுக்கு சைக்கிள் ஸ்போக், சுருட்டுக்குப் பல்குத்தும் குச்சியின் ஒரு துண்டு என்று வைத்திருக்கிறேன். இரண்டும் அளவுக்கு ஏறக்குறையப் பொருந்துகின்றன. சிலையை நிறுவ முன்வந்த ஆங்கிலம் பேசுவோர் சங்கத்திலேயே சிலர் சுருட்டு கூடாது என்று எதிர்த்தார்கள், ஆயினும் அது தங்கிவிட்டது. என்னைக் கேட்டால், சுருட்டு இல்லாத சர்ச்சில் வேறு யாரோ ஒரு பருத்த கனவானாகவே தெரிவார்.

பீடத்தை இன்னும் தொடவில்லை. அமெரிக்கா அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கிய 1963 ஏப்ரல் 9இன் மூன்றாம் ஆண்டு நிறைவு நாளான 1966 ஏப்ரல் 9 அன்று திறக்கப்பட்ட இச்சிலையின் ஒரு கால் தூதரக நிலத்திலும் மறு கால் அமெரிக்க மண்ணிலும் இருக்கிறது. சர்வதேசச் சட்டப்படி தூதரக வளாகம் அயல்நாட்டு மண்ணாகிவிடுவதில்லை என்றாலும், தந்தை வழியில் ஆங்கிலேயரும் தாய் வழியில் அமெரிக்கருமான ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான நிற்குமிடம் அமையாது. அடியில் அவர் பிறந்த பிளெனிம் அரண்மனை, அவர் வாழ்ந்த சார்ட்வெல் இல்லம், தாயார் ஜென்னி ஜெரோமின் புரூக்ளின் ஆகிய மூன்று இடங்களின் மண்ணையும் இட்டிருக்கிறார்கள். இரு கால்களுக்கும் இடையிலான அந்தத் தூதரக நில எல்லையைச் சிற்றுருவத்தில் காட்ட, கருங்கல் நிறத்தில் இரண்டு சாயல்களைப் பயன்படுத்தலாமா, அல்லது மெல்லிய கோடாகக் கீறினால் போதுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்குள் மனம் அடுத்த உருவத்துக்குப் போய்விட்டது. லண்டன் குரோவ்னர் சதுக்கத்தில் சிற்பி வில்லியம் ரீட் டிக் வடித்த அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் சிலை 1948இல் அவர் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டால் திறக்கப்பட்டது. ஆளுக்கு ஐந்து ஷில்லிங்குக்கு மேல் வாங்குவதில்லை என்ற விதியோடு பிரிட்டிஷ் மக்களிடம் திரட்டிய பணத்தில் எழுந்தது. ஊன்றுகோலோடு நிற்கும் அதிபரின் தோளிலிருந்து ஒரு நீண்ட மேலங்கி தொங்குகிறது. விரல் தொல்லை அதில் குறைவு. ஆனால் அந்த மேலங்கியின் விளிம்பை மெல்லியதாகக் கொண்டுவர எபாக்சியைத் தகடாக உருட்டிப் போர்த்த வேண்டியிருக்கும் என்பதால், முகப்பவுடர் தூவிய பிளாஸ்டிக் தாளின் மேல் ஒரு துண்டை உருட்டி இப்போதே சோதிக்கத் தொடங்கிவிட்டேன்.