கத்திரி வெயிலும் சுற்றாத ஃபேனும்

5 மே 2024, ஞாயிறு

நேற்று கத்திரி ஆரம்பம், நேற்றே என் பைக்கும் வேலையைக் காட்டிவிட்டது. சென்னை ஓஎம்ஆர் ரோட்டில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து ரோட்டைப் பாதியாக்கி வைத்திருக்கிறார்கள். சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு முன்னால் நகராமல் நிற்கும்போது ஹீட் விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டி ஓடுகிற வரைக்கும் எதிர்க்காற்றே என்ஜின் சூட்டை ஆற்றுகிற ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளும், நின்றால்தான் ஃபேனுக்கு வேலை, அந்த ஃபேன் சத்தமே காணோம். ஓரங்கட்டி ஆஃப் செய்துவிட்டு நிழலில் நின்றேன். டீக்கடையில் இருந்தவர் ஒருவர் "மூடியத் தொறந்து தண்ணி ஊத்துங்க சார்" என்றார். நல்ல மனசுதான், ஆனால் சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் யாரும் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கிறதால்தான் கூலன்ட் (சூட்டை ஏந்திப் போகிற திரவம்) 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது, மூடியைத் திருகி அழுத்தம் போன அடுத்த நொடி கொதித்து முகத்தில் அடிக்கும்.

வண்டி 2012 மாடல், 200 சிசி, லிக்விட் கூலிங். விற்கிற எண்ணம் இல்லை, யாரும் கேட்க வேண்டாம்.

7 மே, செவ்வாய்

தெரு முனை மெக்கானிக் அண்ணன் பார்த்தார். பார்த்தார் என்றால் சாவியைப் போட்டு ஒரு நிமிஷம் நின்றார், அவ்வளவுதான். "மோட்டார் போயிருக்கும் தம்பி, புதுப்பேட்டைல செகண்ட்ஸ் வாங்கிட்டு வா, மாட்டித் தரேன்." பழைய உதிரிபாகம் விற்கிற அந்தப் புதுப்பேட்டை, பழைய வண்டிக்குக் கோயில் மாதிரிதான், மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற ஃபேன் செத்துவிட்டதா என்று பார்க்காமல் இன்னொன்று எதற்கு?

"அண்ணே, ரெண்டு நாள் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்துக் கொடுத்தேன். ஜம்மென்று சுற்றியது.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் இந்த மோட்டார் சுற்றும், தலைகீழாகச் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஃபேன் முன்பக்கக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். முன்னால் ஒரு துண்டுப் பேப்பரைக் காட்டினேன், போய் ஒட்டிக்கொண்டது, சரி. பறந்து வந்தால் வயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். யாரோ ஒட்டுப்போட்ட வண்டி வாங்கினவர்கள் இதை முதலில் பாருங்கள்.

8 மே, புதன்

ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. அடுத்தது ரேடியேட்டரில் திருகியிருக்கிற ஃபேன் சுவிட்ச். சூடு ஏறினால் உள்ளே இரண்டு முனையும் சேரும், ரிலே (ஃபேனுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடுகிற மின் சுவிட்ச்) இழுக்கும், ஃபேன் ஓடும், என் வண்டியில் இதுதான் ஏற்பாடு (புது வண்டிகளில் இதை ஈசியூ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, அங்கே இந்த வித்தையைக் காட்ட வேண்டாம்). சுவிட்ச் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தேன். ரிலேயில் 'டிக்' சத்தம் வந்தது. ஃபேன் அசையவில்லை. ஆக சுவிட்ச் மேல் பழி இல்லை, ரிலேயிலோ அதற்கு அப்புறமோதான் எங்கேயோ கோளாறு. தூக்கம் வந்துவிட்டது.

11 மே, சனி

இன்றைக்குத்தான் விஷயமே. சுவிட்ச் முனைகளை அதே துண்டு வயரால் சேர்த்துவிட்டு, கழற்றிய ஃபேன் கனெக்டரில் மல்ட்டிமீட்டரை வைத்தால் 12.3 வோல்ட் காட்டுகிறது. ஃபேனும் நல்ல ஃபேன், கரன்ட்டும் வருகிறது, சேர்த்தால் ஓடாது! பலர் இந்த இடத்தில்தான் கடுப்பாகி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள்.

சுமை இல்லாதபோது மீட்டர் சொல்வதை நம்பக் கூடாது. வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், முழு வோல்ட் காட்டும். ஃபேன் ஆம்பியர் கணக்கில் இழுக்கும்போதுதான் அந்த இழையின் லட்சணம் தெரியும். அதனால் கனெக்டரை மாட்டிவிட்டு, பின்பக்கமாக மீட்டர் ஊசியைச் செருகிப் பார்த்தேன். ஃபேனுக்குக் கிடைப்பது 4.6 வோல்ட். இறக்கை லேசாக நடுங்குகிறது, சுற்றவில்லை. மிச்சம் எங்கே போனது? கறுப்பு ஊசியை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பை ஃபேனின் எர்த் வயரில் (கரன்ட் ஃபிரேம் வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற வயர்) வைத்தேன். சரியான எர்த் என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 7.5 காட்டியது. மாட்டிக்கொண்டான்.

12 மே, ஞாயிறு

டேங்கைக் கழற்றினேன். எர்த் வயர் ஃபிரேமில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிற இடத்தில், லக்கை (வயர் நுனியில் இருக்கிற உலோக வளையம்) சுற்றிப் பச்சைக் களிம்பு. மேலுறையைச் சீவினால் உள்ளே தாமிரம் கறுத்துப் போய்க் கிடக்கிறது, விரலால் தேய்த்ததும் இழைகள் பொடியாக உதிர்ந்தன. காரணம் தேட வேண்டியதே இல்லை. டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரித் தண்ணீரில் வண்டி சீட் மட்டத்துக்கு முங்கி நின்றது. அப்போது ஆயில் மாற்றி, பிளக் மாற்றி, ஸ்டார்ட் ஆனதுமே எல்லோரும் கைதட்டினோம். வயருக்குள் போன தண்ணீர் அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

கறுப்பு முடிந்து பளபளப்பான தாமிரம் வருகிற வரை வெட்டினேன். புது வயர், புது லக், ஈயம் பற்றவைத்து, ஃபிரேமில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கி, மேலே வேஸ்லின். மறுபடி அளந்தால் எர்த்தில் 0.1. ஃபேனுக்கு 11.9. வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள் ஹெட்லைட், ஹாரன் எர்த்தையும் இதே மாதிரி அளந்து பார்த்துவிடுங்கள்.

ரேடியேட்டர் இடுக்கில் வெள்ளச் சேறு இன்னும் இருந்தது. சாதாரண ஹோஸ் வைத்துப் பின்பக்கத்திலிருந்து கழுவினேன். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் காட்டினால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

14 மே, செவ்வாய்

அதே சிக்னல், மத்தியானம் இரண்டு மணி. ஃபேன் தானாக ஓடியது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது, திரும்ப ஓடியது. சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. முழங்காலில் அனல் அடிக்கிறது, அடிக்கட்டும்.

மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "எர்த்தா?" என்றார், அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மீட்டரக் கொஞ்சம் குடு தம்பி, இங்க ஒரு வண்டி நிக்குது" என்றார். வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூலன்ட் மாற்ற வேண்டும், அதற்கு மீட்டர் தேவையில்லை. எங்கள் ஏரியா போர் தண்ணீரை மட்டும் கலக்க மாட்டேன், பக்கெட்டிலேயே வெள்ளையாக உப்புப் படிகிறது, ரேடியேட்டருக்குள் கேட்கவே வேண்டாம்.