கருங்கோட்டில்தான் கோடை இருக்கிறது

ஊசியிலை மரத்தின் வெட்டுமுகத்தில் வெளிர் பட்டையும் கருங்கோடும் மாறி மாறி வரும். இரண்டும் சேர்ந்தது ஓராண்டு வளையம். பெரும்பாலோர் வளையத்தின் அகலத்தை அளப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். குளிர்நாட்டு மரத்திடம் கோடையின் வெப்பத்தைக் கேட்க வேண்டுமென்றால் அளக்க வேண்டியது அந்தக் கருங்கோட்டின் அடர்த்தியை.

செல் சுவரின் அடர்த்தி எங்கும் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம்தான். மாறுவது சுவருக்கும் உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள விகிதம். பருவத் தொடக்கத்தில் உருவாகும் செல்கள் அகலமானவை, சுவர் மெல்லியது. கட்டையின் அடர்த்தி 0.3 கிராம் அளவில் நிற்கும். கடைசியில், கருங்கோட்டில் வரும் செல்கள் ஒடுங்கித் தடித்தவை, 0.8, 0.9 வரை ஏறும்.

சுவர் படிப்படியாகத் தடிப்பதால்தான் அடர்த்தி கூடுகிறது என்று நினைப்பது இயல்பு. பிரான்சின் வோஜ் மலைக் காடுகளில் செல்லுக்குச் செல் கணக்கெடுத்து 2014-இல் வெளிவந்த ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. வளையத்தின் பெரும்பகுதியில் ஒரு செல்லுக்குச் செலவாகும் சுவர்ப்பொருள் ஏறக்குறைய ஒரே அளவு. செல் விரியும் நாட்கள் குறையக் குறைய, அதே பொருள் சிறிய கூட்டுக்குள் அடங்குகிறது, அடர்த்தி ஏறுகிறது. சுவர் கட்டும் நாட்கள் நீள்கின்றன, ஆனால் வேகம் குறைகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். வளையத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் இந்தச் சமன் உடைகிறது.

வானிலை தன் கையெழுத்தைப் போடுவதும் அங்கேதான். வட சுவீடனின் டோர்னெட்ரெஸ்க் ஏரிப் பக்கத்துப் பைன் மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தை ஜூலையும், முந்தைய ஆண்டு சேர்த்துவைத்த உணவும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கடைசிச் செல்களோ ஆகஸ்ட் தாண்டியும் சுவர் கட்டிக்கொண்டிருக்கும். குளிர் முந்திவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். பெருவில் வய்னாபுட்டினா எரிமலை 1600-இல் வெடித்து, அடுத்த கோடையைக் குளிரவைத்தது. வட அரைக்கோளத்து ஊசியிலை மரங்களின் அடர்த்திப் பதிவில் 1601 ஆழமான ஒற்றைப் பள்ளம். அகலத்தில் இப்படிப்பட்ட அடி மெல்ல இறங்கிப் பல ஆண்டுகளுக்கு இழுபடும்.

முழு வளையத்தின் சராசரி அடர்த்தியைக் கருங்கோட்டின் அடர்த்தியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் வேகமாக வளர்ந்தால் வெளிர் பட்டைதான் அகலமாகும், கருங்கோடு பெரிதாக மாறாது. அதனால் சராசரி இறங்கும். ஓக் மரத்தில் இது தலைகீழ்.

கருங்கோட்டின் அடர்த்தியை எக்ஸ்ரே படமெடுத்து அளக்கையில் பிழை நுழையும் வாசல்கள் பல. சரிவில் நிற்கும் மரத்தைச் சரிவுக்குக் குறுக்கே துளையுங்கள். கீழ்ப்பக்கத்தில் சாய்வைத் தாங்க உருவாகும் அடர்ந்த கட்டை, வெப்பமான கோடையைப் போல வேஷம் போடும். துளைத்து எடுத்த கட்டைக் குச்சியைப் பலகையில் ஒட்டி, இரட்டை ரம்பத்தால் 1.2 மில்லிமீட்டர் கனத்துக்கு, நாரின் போக்குக்குச் சரியாகக் குறுக்கே அறுக்க வேண்டும். கோணம் கொஞ்சம் சரிந்தாலும் எக்ஸ்ரே படத்தில் கருங்கோடும் அடுத்த ஆண்டின் வெளிர் செல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடர்த்தியின் உச்சம் மழுங்கும். மிகக் குறுகிய வளையங்களில்தான் இது பெரும் தொல்லை: கருங்கோடே இரண்டு மூன்று செல்தான் என்றால், கருவி பக்கத்துச் செல்களையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடும். பிறகு அகலமும் அடர்த்தியும் ஒத்துப்போவது போலத் தோன்றும், அந்த ஒற்றுமையில் ஒரு பகுதி கருவி உண்டாக்கியது. பிசினை ஆல்கஹாலில் கரைத்து எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அதுவும் எடையாகச் சேரும். எல்லாத் துண்டுகளையும் ஒரே ஈரப்பதத்தில் வைத்த பிறகே படம் எடுங்கள்.

எக்ஸ்ரேக்கு வசதியில்லையென்றால் ஸ்கேனரில் நீல ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கலாம். செல் சுவரில் உள்ள லிக்னின் என்ற பொருள் நீலத்தை விழுங்கும், ஆகவே அடர்ந்த கோடு குறைவாகத் திருப்பும். செலவு மிகக் குறைவு. ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்துக்கு நம்பலாம். நூற்றாண்டு நீளப் போக்குக்கு எச்சரிக்கை தேவை: நடுமரம் வெளிமரத்தைவிடக் கருத்தது, அந்த எல்லையில் எண்கள் திடீரென ஒரு படி இறங்கும். பூஞ்சைக் கறை படிந்த பழங்கட்டையில் இது இன்னும் மோசம். அதே வளையத்தின் வெளிர் பட்டை மதிப்பிலிருந்து கருங்கோட்டின் மதிப்பைக் கழித்துப் பார்த்தால் இந்தச் சாயல் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது.