பெரியப்பாவின் நோட்டுப் புத்தகம்

பெரியப்பா மலேசிய ராணுவத்தின் ரேஞ்சர் படையில் இருந்தவர். கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. அதைப் போடும்போது கம்யூனிஸ்டு கொரில்லாக்களிடமிருந்து காவல் காத்த ராணுவத்தினரில் அவரும் ஒருவர்.

ஓய்வு பெற்றபின் கோலாலம்பூரில் அரசு வானொலி, தொலைக்காட்சி நிலையமான அங்காசாபுரியில் தமிழ் நாடகங்களில் நடித்தார். முதல் வேடம் தோட்டத்துக் கிழவர். முதுகை வளைக்கத்தான் ரொம்பப் பாடுபட்டாராம், உடம்பு விறைப்பாகவே நிற்குமாம். அப்புறம் போலீஸ் வேடங்கள் நிறைய வந்தன.

எனக்கு அவர் நடிப்பைவிட எழுத்துதான் பிடிக்கும். எழுபது வயதுக்குமேல் மர்ம நாவல் எழுத உட்கார்ந்தார். தினமும் விடியற்காலை, பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டில், நீல மையில்.

நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டேன்: "இவ்வளவு திகில் எங்கேயிருந்து வருது பெரியப்பா?"

"காட்டுல சத்தம் கேட்டா பயமில்லம்மா. ராத்திரி முழுக்கக் கத்துற பூச்சியெல்லாம் சட்டுனு நின்னுடும் பாரு, அப்போதான் பயம். யாரோ நடந்து வர்றாங்கன்னு அர்த்தம். கண்ணிவெடி இருக்கோன்னு ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வச்ச கால் இது. அதே மாதிரிதான் ஒவ்வொரு வரியும் வைக்கிறேன்."

நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார். தட்டச்சு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். பதினான்காம் பக்கம் வரை வந்தாயிற்று. இன்னும் கொலை நடக்கவில்லை. ஆனால் பூச்சிகள் நின்றுவிட்டன.