திருட்டு என்று எழுதியிருந்தேன், திருத்தச் சொன்னார்கள்

எங்கள் அலுவலகக் காசாளர் எடுத்த பணத்தைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த முதல் வாக்குமூலத்தை, கணக்குகளில் மோசடியின் தடயங்களைத் தேடும் தடயவியல் தணிக்கையாளர் அப்படியே திருப்பித் தந்தார். "திருடினார் என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இது திருட்டு இல்லையே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாடிக்கையாளர்கள் கட்டிய பணத்தைக் காணவில்லை. எடுத்தவர் யார் என்றும் தெரியும். பிறகென்ன?

அவர் பொறுமையாக விளக்கினார். உடைமையாளரின் சம்மதமில்லாமல் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது திருட்டு. நம்பி ஒப்படைக்கப்பட்டு, முறைப்படி கைக்கு வந்த பணத்தைத் தனதாக்கிக்கொள்வது கையாடல். எங்கள் காசாளருக்குப் பணத்தை வாங்கும் அதிகாரம் இருந்தது. ரசீது போடுவதும் வங்கியில் கட்டுவதும் அவர் வேலை. வாங்கியது வரை எல்லாம் சரி, அதன் பிறகுதான் குற்றம் தொடங்குகிறது. இது புரியாமல் எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியிலேயே என் வாக்குமூலத்தை ஆட்டிவிடுவார் என்றார். அன்று மாலை அந்த இரண்டு சொற்களையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அடுத்த ஏழு மாதங்களில் அந்த நோட்டு நிரம்பிவிட்டது.

விஷயம் வெளிவந்தது ஒரு தொலைபேசி அழைப்பால். பாக்கி நினைவூட்டுக் கடிதம் கிடைத்த ஒரு வாடிக்கையாளர், "மூன்று வாரத்துக்கு முன்பே கட்டிவிட்டேனே" என்று ரசீது எண்ணைப் படித்துக் காட்டினார். காசாளர் அன்று காய்ச்சலில் வரவில்லை. ஆறு ஆண்டுகளில் அவர் தொடர்ந்து இரண்டு நாள் விடுப்பு எடுத்து நான் பார்த்ததே இல்லை. அந்த உழைப்பைக் கண்டு வியந்திருக்கிறேன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

ரசீதுப் புத்தகத்தையும் வங்கியில் பணம் கட்டிய சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் வாடிக்கையாளர் கொடுத்த ரொக்கம் வங்கிக்குப் போகவே இல்லை. ஐந்து நாள் கழித்து இரண்டாமவர் காசோலை தருகிறார். அது முதலாமவர் கணக்கில் வரவாகிறது. மூன்றாமவர் பணம் இரண்டாமவர் கணக்கில். நான்காமவருடையது மூன்றாமவர் கணக்கில். ஒரு பள்ளத்தை மூட இன்னொரு பள்ளம் தோண்டிக்கொண்டே போக வேண்டும். கணக்குத் துறையில் இதற்கு லேப்பிங் என்று பெயர். நாற்காலியில் வேறொருவர் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும், சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் அவரால் விடுப்பு எடுக்க முடியவில்லை. வங்கிகளில் ஊழியர்களைக் கட்டாயமாகத் தொடர் விடுப்பில் அனுப்பும் வழக்கத்தின் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது.

1920-ல் பாஸ்டனில் சார்லஸ் பான்ஸி, 45 நாளில் 50 விழுக்காடு லாபம் என்று சொல்லிப் பணம் திரட்டினார். புதிதாக வந்தவர்களின் பணத்தைப் பழையவர்களுக்கு லாபமென்று கொடுத்தார். பான்ஸி திட்டம் என்று படிக்கும்போதெல்லாம் அது ஏதோ பெரிய மனிதர்களின் சூழ்ச்சி என்று நினைத்திருந்தேன். அதே சக்கரம் எங்கள் ரசீதுப் புத்தகத்துக்குள் சுழன்றுகொண்டிருந்தது.

இரண்டு இரவு தூங்காமல் கிடந்து, மூன்றாம் நாள் மேலாளரிடம் எழுத்தில் கொடுத்தேன். வாய்மொழியாகச் சொல்லாதீர்கள், இந்த நிலையில் இருக்கும் எவருக்கும் நான் சொல்வது இதுதான். தேதியோடு எழுதுங்கள், மூல ஆவணத்தைத் தொடாமல் நகல் எடுங்கள், சந்தேகத்துக்குரியவரிடம் நீங்களாகக் கேட்கப் போகாதீர்கள். காட்டிக்கொடுத்தவர் என்ற பெயர் வரும், எனக்கும் வந்தது. மோசடி ஆய்வாளர்களின் உலகளாவிய சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆய்வு செய்த மோசடிகளில் 43 விழுக்காடு யாரோ ஒருவர் தகவல் சொன்னதால் வெளிப்பட்டவை என்று இருந்ததைப் பிறகு படித்தேன். அன்றைக்கு யாராவது அதை எனக்குச் சொல்லியிருந்தால் இவ்வளவு தனிமையாக உணர்ந்திருக்க மாட்டேன்.

தோண்டத் தோண்டப் புதுச் சொற்கள் வந்தன. சரக்கே அனுப்பாத ஒரு நிறுவனத்தின் பேரில் விலைப்பட்டியல்கள், ஒவ்வொன்றும் மேலாளரின் கையெழுத்து தேவைப்படும் தொகைக்குச் சற்றுக் கீழே. பேருக்கு மட்டும் இருக்கும் அத்தகைய நிறுவனத்தை ஷெல் நிறுவனம் என்பார்கள்; அப்படி ஒன்றை வைத்திருப்பதே குற்றமாகிவிடாது, எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது. என்னை மிகவும் குழப்பியது பணமோசடி என்ற சொல். பணத்தை ஏமாற்றிப் பறிப்பதற்கும் அதையே எழுதுகிறோம். குற்றத்தில் வந்த பணத்தைச் சுத்தமான பணம்போல் மாற்றுவதற்கும் அதையே எழுதுகிறோம். பின்னது தனிக் குற்றம். பணத்தை முதலில் வங்கிக்குள் நுழைப்பது, பிறகு கணக்கு மாற்றிக் கணக்கு அனுப்பி வந்த வழியை அழிப்பது, கடைசியில் சொத்தாகவோ தொழிலாகவோ வெளியே எடுப்பது என்று அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள், வெவ்வேறு ஆதாரங்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது உள்நோக்கத்தைக் காட்டுவது. "தவறு எல்லாக் கணக்கிலும் இருக்கும். இது தவறு இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று தணிக்கையாளர் ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்டார். ரசீதுப் புத்தகத்தில் தங்கிய அடிக்கட்டையில் ஒரு தேதி, வாடிக்கையாளரிடம் இருந்த ரசீதில் வேறு தேதி. அப்படிப் பதினேழு. கைதவறினால் இரண்டு பக்கமும் சாயும். இவை பதினேழும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

விசாரணையில் அண்ணன், "எடுக்கவில்லை, கடனாகத்தான் வைத்திருந்தேன், திருப்பி வைத்துவிடுவேன்" என்றார். சிறையிலிருந்த கையாடல்காரர்களைச் சந்தித்துப் பேசிய டொனால்ட் கிரெஸ்ஸி என்ற குற்றவியலாளர் 1953-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்: வெளியில் சொல்ல முடியாத பணநெருக்கடி, கையில் வாய்ப்பு, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் நியாயம். மூன்றும் எங்கள் அறையில் இருந்தன. படித்தபோது நான் அழுதேன்.

ஆனால் சக ஊழியர்கள் சிலர் இதைக் கணக்குக் கோளாறு என்று சொல்லியபோது என்னால் பொறுக்க முடியவில்லை. பூட்டு உடையவில்லை, யாருக்கும் அடி விழவில்லை, செய்தவர் மரியாதைக்குரியவர். 1939-ல் எட்வின் சதர்லேண்ட் என்ற குற்றவியலாளர் வெள்ளைக் காலர் குற்றம் என்ற பெயரை வைத்ததே, மதிப்பும் பதவியும் உள்ளவர்கள் தொழிலின் ஊடாகச் செய்வதையும் குற்றமாகவே பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான். கட்டிய பணத்தையே மறுபடியும் கட்டியவர்கள் ஒன்பது பேர். ரசீதைத் தொலைத்துவிட்டு, நம்மீதுதான் தவறு என்று நினைத்துக் கட்டியவர்கள் அவர்கள்.

இறுதி வாக்குமூலம் பதினான்கு பக்கம் வந்தது. தணிக்கையாளர் வரி வரியாக வாசித்தார், நான் கையெழுத்திட்டேன். இருக்கைக்குத் திரும்பியதும், முதலில் அழைத்த வாடிக்கையாளரின் எண்ணைத் தேடி எடுத்தேன். உங்கள் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை, அன்றும் இருக்கவில்லை என்று சொன்னேன்.