மிசௌரிக் கரையில் கிழட்டு மரங்கள்

ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மிசௌரி ஆற்றில் மூன்று நாள் துடுப்புப் போட்டோம். கோல் பேங்க்ஸ் என்ற படித்துறையில் தொடங்கி ஜூடித் ஆறு வந்து சேரும் இடம் வரை, ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அமெரிக்க அரசு மேற்கே அனுப்பிய ஆய்வுப் பயணத்தின் தலைவர்களான லூயிஸும் கிளார்க்கும் 1805 மே கடைசியில் இதே வழியில்தான் போனார்கள், ஆனால் எதிர்நீரில், ஆட்கள் குளிர்ந்த தண்ணீரிலும் சேற்றிலும் நடந்து படகுகளைக் கயிறு கட்டி இழுக்க. நாங்கள் ஆற்றோடு இறங்கினோம், அதனால் அச்செடுத்து வைத்திருந்த அவர்களுடைய நாட்குறிப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டே வந்தோம்.

அவர்கள் வெறும் வரைபடம் போடப் போனவர்கள் இல்லை. கண்ணில் பட்ட செடி, பறவை, மிருகம் எல்லாவற்றையும் அளந்து எழுதியிருக்கிறார்கள். முந்தைய செப்டம்பரில், இன்றைய நெப்ராஸ்காவில், ஒரு ப்ரெய்ரி நாயை (பெயர்தான் நாய், உண்மையில் வளையில் வாழும் அணில் வகை) உயிரோடு பிடிக்க அதன் வளைக்குள் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஊற்றியே பகலின் பெரும்பகுதி போயிருக்கிறது. மறு வருடம் அனுப்பிய ஒரு ப்ரெய்ரி நாயும் ஒரு மேக்பை பறவையும் அப்போதைய ஜனாதிபதி ஜெஃபர்சனிடம் உயிரோடு போய்ச் சேர்ந்தன!

ஆனால் இவற்றையெல்லாம் அவர்கள் 'கண்டுபிடித்தார்கள்' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1805 ஏப்ரல் 9 அன்று, கைக்குழந்தையோடு கூட வந்த ஷோஷோனி பழங்குடிப் பெண் சகாகவியா, கரையில் ஒதுங்கிய கட்டைகளுக்கு நடுவே கூர்மையான குச்சியால் குத்திக் குத்தி எலிகள் சேர்த்து வைத்திருந்த கிழங்குகளை வெளியே எடுத்தாள். அந்தக் கரையை ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவள் அவள்தான், மற்றவர்கள் அதை எழுதிவைத்தார்கள்.

முதல் நாள் மதியம் எதிர்க்காற்று எங்களை நகரவிடவில்லை. சரி என்று கரையேறினால் காலடியில் சப்பாத்திக்கள்ளி. நம் ஊர் வேலியில் பார்த்ததன் அதே குடும்பம்தான், ஆனால் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் குட்டை வகை. இந்த முள் தோல்செருப்பைத் துளைத்ததைப் பற்றி லூயிஸ் புலம்பியிருக்கிறார், கொசுவோடு இதுவும் அவருக்குப் பெரிய தொல்லை.

இரண்டாம் நாள் காலை வெள்ளைப் பாறைச் சுவர்களுக்கு மேலே ஏழு பிக்ஹார்ன் ஆடுகள் நின்றன. மே 25 அன்று லூயிஸ் இந்த ஆட்டைக் கொம்பிலிருந்து குளம்பு வரை எழுதியிருக்கிறார். நாங்கள் பார்த்தவை அவற்றின் வாரிசுகள் இல்லை. இங்கே இருந்தவற்றை வேட்டையும் வீட்டு ஆடுகளின் நோயும் துடைத்துவிட்டன, இப்போது நிற்பவை வேறு மலைகளிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழி. காட்டெருமைக் கூட்டங்களும் கிரிஸ்லி கரடியும் நாட்குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன, நாங்கள் மூன்று நாளில் ஒன்றுகூடப் பார்க்கவில்லை.

என்னை அதிகம் வருத்தியது ஆற்றங்கரையில் வளரும் காட்டன்வுட் என்ற பாப்லர் வகை மரம்தான். அந்தப் பயணத்துக்கு ஓடம் குடைந்தது இதில், விறகும் நிழலும் இதுவே. இலவம்பஞ்சு போல அதன் விதை நாள் முழுக்க எங்கள் படகின் மேல் பறந்து விழுந்துகொண்டே இருந்தது. அந்த விதைக்கு உயிர் சில வாரம்தான். வெள்ளம் வடிந்த ஈரமான வெறும் மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும், முளைத்தாலும் பனிக்கட்டி அரிக்காத உயரத்தில் இருந்தால்தான் பிழைக்கும். மேலே அணைகள் கட்டிப் பெரிய வெள்ளத்தைக் குறைத்துவிட்டார்கள், அப்புறம் தப்பி முளைத்ததையும் மாடு மேய்ந்துவிடுகிறது. அதனால் பல இடங்களில் நிற்பது கிழட்டு மரங்கள் மட்டும், அடியில் கன்றே கிடையாது.

கடைசி இரவு தங்கிய இடத்தில் கம்பிவலை கட்டி யாரோ நான்கைந்து கன்று நட்டிருந்தார்கள். ஒன்று என் மனைவியின் தோள் உயரம் வந்திருந்தது. அவள் சமையல் பாத்திரத்தில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு வந்து எல்லாவற்றுக்கும் ஊற்றினாள், நான் இரண்டு நடை கூடப் போனேன்.