பாதம் இருக்கும் மலைகள்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் ஆகையால், மலையுச்சி என்றாலே அங்கே ஒரு பாதம் இருக்கும் என்றுதான் சிறுவயதில் நம்பியிருந்தேன். டிசம்பர் போயாவோடு சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டால், படிக்கட்டு விளக்குகள் இரவில் எங்கள் லயத்து வாசலுக்கே தெரியும். அந்தப் பாதம் சிவனுடையதா, புத்தருடையதா, ஆதம் நபியுடையதா என்ற பேச்சு எங்களுக்குப் பழகியது. சமணருடைய மலைகளிலும் பாதங்களே வணங்கப்படுகின்றன என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

ஜார்க்கண்டிலுள்ள சம்மேத சிகரத்தில், அவர்கள் வணங்கும் அருளாளர்களான 24 தீர்த்தங்கரர்களுள் 20 பேர் வீடுபேறு அடைந்தனர் என்பது சமணர் நம்பிக்கை. அவர்களை நினைவுகூரும் சிறு கோயில்கள் உச்சிதோறும் உள்ளன. அவற்றுள் இருப்பவை பெரும்பாலும் கல்லில் செதுக்கிய பாத இணைகளே. ஏறி, சுற்றி, இறங்க ஏறக்குறைய 27 கிலோமீற்றர் ஆகும் அவ்வழியைப் பலர் வெறுங்காலுடன் ஒரே நாளில் நடந்து முடிக்கிறார்கள். 23ஆம் தீர்த்தங்கரரான பார்சுவநாதரின் பெயராலேயே அம்மலை பாரசநாத் என வழங்குகிறது.

தீர்த்தம் என்றால் நமக்குக் கோயிலில் உள்ளங்கையில் வாங்கும் நீர்தான் நினைவுக்கு வரும். ஆற்றைக் கடக்கும் துறை என்பது அச்சொல்லின் பழைய பொருள். பிறவியாற்றைக் கடக்கத் துறை அமைத்துக் கொடுத்தவரே தீர்த்தங்கரர். கடந்து சென்றவர் மீண்டும் பிறப்பதில்லை, வரம் கேட்டாலும் தருவதில்லை. கேட்டதைக் கொடுக்கும் எங்கள் தோட்டத்துக் காவல் தெய்வமான ரோதைமுனியைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு இது சற்றுக் கடுமையாகவே பட்டது. ஆனால் மக்கள் மனம் எங்கும் ஒன்றுதான் போலும்: மகாவீரரைத் தகனம் செய்த பாவாபுரியில், சாம்பல் தீர்ந்தபின் மண்ணையும் ஆளுக்கொரு பிடியாக அள்ளிச் சென்றதால் உண்டான பள்ளமே இன்றைய தாமரைக்குளம் என்கிறார்கள். குளத்தின் நடுவே நிற்கும் வெண்பளிங்குக் கோயிலிலும் வணங்கப்படுவது பாதமே.

திருவண்ணாமலைக்குப் போயிருந்தபோது, வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையில் ஏறினேன். சிவனொளிபாதமலையின் நல்லதண்ணிப் படிகளில் ஏறிய கால்களுக்கு அது ஏற்றமே இல்லை. தமிழ்ச் சமணர் எலாச்சாரியார் என்று போற்றும் சமண முனிவர் குந்தகுந்தரின் பாதங்கள் உச்சியில் உள்ளன. பள்ளியில் கடவுள் என்று பொதுவாகச் சொல்லித்தந்த, திருக்குறளின் ‘மலர்மிசை ஏகினான்’ அவர்களுக்குத் தாமரைமேல் நடந்த அருகன் என்பதை எண்ணியபடி, அந்தப் பாதங்களின் முன் குனிந்தேன். அம்மாவின் முழங்கால் வலி தீர வேண்டும் என்று பழக்கத்தில் வேண்டத் தொடங்கியவன், யாரிடம் கேட்கிறேன் என்பது நினைவுக்கு வர, பாதியிலேயே நிறுத்தினேன்.