அலோய் வீலுக்கும் காப்புறுதி இருக்கா?

பின்னேரம் நிலாவெளி றோட்டில் போகிற கார்களைப் பாருங்கள். அலோய் வீல், ஆண்ட்ராய்ட் செட், டிக்கிக்குள் சப்வூஃபர். சரி, ஆசைதானே. ஆனால் பொலிசியில் இருப்பது கம்பனியில் இருந்து வந்தபடியான கார். பிறகு பூட்டினதைச் சொல்லாவிட்டால், இடிபட்ட அன்று பழைய இரும்புச் சில்லின் விலையைத்தான் போடுவார்கள். சிலவேளை அதுவும் இழுபறி. தேர்ட் பார்ட்டி, அதாவது மற்றவருக்கு வரும் சேதத்துக்கான காப்புறுதி, மட்டும் எடுத்தவருக்கு இந்தக் கவலையே இல்லை, சொந்தக் காருக்கு ஒரு சதமும் வராது!

பூட்டின கையோடு பில்லையும் படங்களையும் அனுப்பி, காப்புறுதித் தொகையைக் கூட்டி, எழுத்தில் என்டோர்ஸ்மென்ட், அதாவது இந்த மாற்றத்தைப் பொலிசியில் சேர்த்ததற்கான பத்திரம், வாங்குங்கள். "பாப்பம் தம்பி" என்று ஏஜென்ட் போனில் சொல்வது கிளெயிமுக்கு உதவாது. பிரீமியம் ஏறலாம். சஸ்பென்ஷன் இறக்குவது, எஞ்சினில் கை வைப்பது என்றால் முதலே கேளுங்கள், மறுக்கவும் கூடும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்குகிற பழைய சாமானுக்கும் விடாமல் பில் கேளுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும்.